ஜனவரி ஒன்றில் பிறந்தவர்கள்

கிள்ளானில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, அதற்கென்று முதலில் ஏர்கோன் போட்டார்கள். நோயாளிகளின் கார்டு அறையில் பதினாறு வருஷம் வியர்த்துக் கொட்டிய என்மேல் யாருக்கும் அந்த இரக்கம் வந்ததில்லை. அப்போதே சந்தேகம் தட்டியது. வேலைக்காரியை யாரும் இப்படிச் சீராட்ட மாட்டார்கள், வீட்டை ஆளப்போகிறவளைத்தான் சீராட்டுவார்கள்.

சொல்லிக்கொடுக்க ஷா ஆலமிலிருந்து ஒரு சின்னப் பெண் வந்தாள். “கார்டெல்லாம் இனி வேணாம் அக்கா. ஐசி மறந்துட்டு வந்தாலும் பேரும் பொறந்த தேதியும் அடிச்சா போதும்லா, ஆள் வந்துரும்,” என்றாள்.

ரப்பர் தோட்டத்தில் பிறந்த எங்கள் பழைய ஆட்களுக்குப் பிறந்த தேதி எங்கே இருந்தது? ஐசி என்கிற அடையாள அட்டை எடுக்கும்போது தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி குத்துமதிப்பாக ஒரு வருஷம் சொல்வார், ஜனவரி ஒன்று என்று எழுதிக்கொள்வார்கள். அப்படி ஒரே பெயர், ஒரே அப்பா பெயர், ஒரே தேதியில் இரண்டு பெண்கள் எங்களிடம் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியின் கார்டு மூலையில் ‘மூக்குத்தி’ என்றும், பால்மரம் சீவப்போகும் மற்றவள் கார்டில் ‘பால்மரம்’ என்றும் பென்சிலால் எழுதி வைத்திருந்தேன். மூக்குத்திக்குப் பெனிசிலின் ஊசி ஆகாது.

கம்ப்யூட்டரில் அந்தப் பென்சில் எழுத்துக்கு இடமில்லை. சொல்லியிருக்கலாம். என் தலையில் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? முடியாதபோது என்னைத் தேடி வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

சின்னவனுக்கு அம்மை போட்டு, நான்கு நாள் லீவு எடுத்தேன். திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. மூக்குத்தி பேசக்கூட முடியாத காய்ச்சலோடு வந்திருக்கிறாள். கூட வந்தவர்கள் ஐசி கொண்டுவரவில்லை. பெயரையும் தேதியையும் அடித்ததும் பால்மரத்தின் விவரம் வந்திருக்கிறது. பெனிசிலின் ஊசி போட்டுவிட்டார்கள். முகம் வீங்கி, மூச்சடைத்து, பிழைத்ததே பெரும்பாடு.

ஷா ஆலம் பெண் அழுத கண்ணோடு வந்தாள். “அக்கா, இப்படி ரெண்டு பேர் இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?”

“எனக்கு எப்படிம்மா தெரியும்?” என்றேன்.

மத்தியானம் கேண்டீனில் எல்லோரும் கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். என்மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. நானும் உட்கார்ந்து, அவர்களைவிட ஒருபடி அதிகமாகவே திட்டினேன்.