தலை தட்டாத மரக்கால்

ஆசீர்வாதம் என்றால் என்னவென்று எனக்கு விளக்கம் சொல்ல வருகிறவர்களை உட்காரவைத்து, ஒரு டம்ளர் மோர் கொடுத்து, பேசி முடிக்கட்டும் என்று விட்டுவிடுவேன். காரும் மாடி வீடும் கர்த்தர் கொடுத்த அடையாளம் என்பார்கள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படி ஒன்று வந்தது. ஓட்டு வீடும் சைக்கிளுமாக வந்தது. அதோடு ஒரு வருஷம் குடித்தனம் பண்ணியவள் நான். அதனால் இந்த விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உத்திரமேரூருக்கும் மானாம்பதிக்கும் நடுவில் ஏரிப் பாசனத்தில் இருந்தது எங்கள் ஊர். சேரியில் பாதிப் பேர் எங்களைப் போல ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள், பாதிப் பேர் அம்மனைக் கும்பிடுகிறவர்கள். நிலம் மட்டும் யாருக்கும் கிடையாது. எல்லாரும் போய் நிற்பது நிலக்காரரின் களத்தில்தான். அவரை ஆண்டை என்று கூப்பிடுவோம். வேதக்கோயிலில் ஆண்டவர், களத்தில் ஆண்டை. எங்கள் பிள்ளைகள் ஜெபம் பண்ணும்போது நாக்கு குழறி இரண்டையும் மாற்றிச் சொல்லிவிட்டு அடி வாங்கும். எங்கள் சேரியில் மட்டுமே நடக்கக்கூடிய தப்பு அது.

என் வீட்டுக்காரர் பேச்சுக்காரர். அவர் வரப்பில் வருவதைப் பார்த்தாலே நடவு நடுகிற பெண்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அவர் இன்னும் வாயையே திறந்திருக்க மாட்டார். கிழவிகளையும் விடமாட்டார், கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியாரையும் விடமாட்டார். அந்தப் பேச்சுக்குத்தான் நான் அவரைக் கட்டிக்கொண்டேன். வேறு என்ன சொத்து இருந்தது, பார்த்துக் கட்டிக்கொள்ள?

ஊருக்குள் மின்சாரம் வந்த புதிதில் ஆண்டை கிணற்றுக்கு மோட்டார் போட்டார். அது அடிக்கடி மக்கர் பண்ணும். இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து அதன் குணத்தைக் கற்றுக்கொண்டார். ஆண்டைக்கு இவரைப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த சாகுபடிக்கு இவரையே மேஸ்திரி ஆக்கிவிட்டார். ஆள் பிரித்து விடுவது, வேலை வாங்குவது, அறுவடையில் கூலி நெல் அளப்பது எல்லாம் இவர் பொறுப்பு. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு, ஊர் சுற்ற ஒரு சைக்கிள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மழைக்கு ஒழுகாத கூரைக்குக் கீழே படுத்தால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது? சேரியே வந்து வீட்டைப் பார்த்துவிட்டுப் போனது. “நீ பாக்கியசாலிடி” என்று என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். கோயிலில் உபதேசியார் அந்த வாரப் பிரசங்கத்தையே இவரை வைத்துப் பண்ணினார். கீழ்ப்படிகிறவனைக் கர்த்தர் உயர்த்துவார், ஆசீர்வாதம் மடி நிறைந்து சரிந்து விழும் என்றார். எங்கள் கோயிலில் எல்லாரும் பாயில்தான் உட்காருவோம். நாற்காலி இரண்டே இரண்டு. ஒன்று உபதேசியாருக்கு, இன்னொன்று எப்போதாவது டவுனிலிருந்து வருகிற பாதிரியாருக்கு. பாதிரியார் வராத வாரங்களில் அந்த இரண்டாவது நாற்காலியில் இவரை உட்காரவைத்தார்கள். ஆணி மேல் உட்கார்ந்ததுபோல உட்கார்ந்திருப்பார்.

கொஞ்ச நாளிலேயே வீடு மௌனமாகிவிட்டது. வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்துக்கொண்டு படுப்பார். வரப்பில் இவர் தலை தெரிந்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போனாலும் அதே கதைதான். “வாம்மா மேஸ்திரி சம்சாரம்” என்று மரியாதையாக வழிவிட்டார்கள். பழகியவர்கள் மரியாதை கொடுக்க ஆரம்பித்தால் எவ்வளவு வலிக்கும் என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“இன்னாய்யா, வாய்க்குப் பூட்டு போட்டுக்கினியா?”

“மேஸ்திரி சிரிச்சிக்கினு இருந்தா ஆளுங்க வேல செய்யமாட்டாங்களாம். ஆண்டை சொல்லிக்கீறாரு.”

“வூட்லகூடவா சிரிக்கக்கூடாதுன்னாரு?”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஓட்டு வீட்டைக் கொடுத்துவிட்டு, நான் கட்டிக்கொண்டு வந்த மனுஷனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று எனக்கு அன்றைக்குப் பட்டது. ஆனால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

தை மாதம் அறுவடை வந்தது. எங்கள் பக்கத்தில் கூலி நெல்லை மரக்காலில் கூம்பாக அளப்பார்கள். விளிம்புக்கு மேலே குவித்து, இதற்குமேல் நிற்காது என்று நெல் சரிகிற வரைக்கும் போடுவார்கள். அந்தக் கூம்பு அறுத்தவர்களின் பங்கு. கேட்டு வாங்குவதில்லை, காலகாலமாக வருவது. அந்த வருஷம் மோட்டாருக்கு நிறைய செலவாகிவிட்டது என்று சொல்லி ஆண்டை இவர் கையில் ஒரு உருட்டுக்கட்டையைக் கொடுத்தார். மரக்கால் மேலே அதை ஒரு இழுப்பு இழுத்தால் கூம்பு வழித்துக்கொண்டு களத்தில் விழுந்துவிடும். தலை தட்டி அளப்பது என்று அதற்குப் பெயர்.

ஆண்டை கெட்டவர் என்று சொல்லமாட்டேன். பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார், பிரசவம் என்றால் வண்டி அனுப்புவார். கூம்பு தனக்குச் சேரவேண்டியது என்று நினைத்தார், அவ்வளவுதான். எங்கள் ஆட்களும் வாய் திறக்கவில்லை. என் வீட்டுக்காரரின் அத்தை மட்டும், புருஷனை இழந்து தனியாக இருந்தவள், கோணியைக் கட்டிக்கொண்டே சொன்னாளாம்.

“ஞாயித்துக்கெழமை கோயில்ல மடி நெறஞ்சி சரிஞ்சி வியுது. திங்கக்கெழமை களத்துல வழிச்சிக்கினு பூடுது. நல்லா கீதுடா உன் ஆசீர்வாதம்.”

இது என் காதுக்கு வந்ததும் நான் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மேஸ்திரி பெண்டாட்டி கூலிக்கு அறுக்கப் போவதாவது என்று எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். நாள் முழுக்க அவர்களோடு வரிசையில் நின்று அறுத்தேன். ஒருத்தி கழுத்தைத் திருப்பிக்கொண்டாள், இன்னொருத்தி குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். சாயங்காலம் நெற்கட்டு அடித்து, கூலி வாங்க வரிசையில் வந்து நின்றேன்.

இவர் அளந்துகொண்டிருந்தார். ஒவ்வொருத்தருக்கும் கட்டையை இழுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை. என் முறை வந்தது. மரக்காலை நிரப்பினார். கூம்பு நின்றது. கட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அப்படியே என் முந்தானையில் கொட்டப் போனார். பாசம்தான், வேறென்ன. களமே பார்த்துக்கொண்டிருந்தது. நான் முழங்கையை மரக்கால் மேலே வைத்து ஒரே இழுப்பாக இழுத்துவிட்டேன். கூம்பு சரிந்து களத்தில் விழுந்தது.

“ஊருக்கு இன்னா அளவோ அதான் எனுக்கும்” என்றேன்.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் முந்தானையை விரித்தபடி நின்றேன். அதே அளவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. விடிந்ததும் வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே, என்னைத் திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

“வூடு பூடும்.”

“போவட்டும்.”

“சைக்கிளு?”

“உனுக்குக் காலு கீது இல்ல.”

சக்கரத்தை ஒரு தடவை சுழற்றிவிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து களத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்கு அவர் முதல் ஆளிலிருந்தே கூம்பாக அளந்தார். அத்தையின் மரக்காலில் நெல் நாலு பக்கமும் வழிந்தது. ஆண்டை நிழலில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்தார். கட்டை எங்கே என்று கேட்டார். இவர் இடுப்பிலிருந்து அதை எடுத்து இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தார்.

“இது எனுக்கு வாணாங்க ஆண்டே. நம்ப ஜனத்தோட தலையத் தட்டித் தட்டி எனுக்குத் தூக்கம் வரல.”

ஆண்டை கத்துவார் என்று நினைத்தோம். அவர் கத்தவில்லை. இவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“உனுக்குக் குடுத்து வைக்கல. அவ்ளதான்” என்றார்.

கொடுத்து வைக்கவில்லை. இந்த வார்த்தையை எத்தனையோ பேரைப் பற்றி எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி அது பொய்யாக என் காதில் விழுந்ததே இல்லை. கூம்பு திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் வரவில்லை. கட்டையை வேறொருவன் கையில் கொடுத்தார்கள், அவனும் இழுத்தான். ஆனால் அதை இழுக்கிற கை என் வீட்டுக்காரருடையது இல்லை.

நாங்கள் பழைய குடிசைக்குத் திரும்பினோம். கூரை பாதி கிடையாது. இழவு வீட்டுக்கு வருவதுபோல சபையார் வந்து துக்கம் விசாரித்தார்கள். இது சோதனை, கர்த்தர் கைவிடமாட்டார் என்று உபதேசியார் ஜெபம் பண்ணினார். நான் ஆமென் சொல்லவில்லை. அவர்கள் போனபிறகு பக்கத்து வீட்டு ஆண்கள் ஓலையோடு வந்து கூரை வேய ஏறினார்கள். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். மேலே இவர் என்னவோ சொன்னார், என் காதில் விழவில்லை. கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் சிரித்த சிரிப்பில் கூரையிலிருந்து உருண்டு கீழே வைக்கோலில் விழுந்தான். விழுந்தும் சிரிப்பை நிறுத்தவில்லை. எனக்கு அடுப்புப் புகையா வேறு எதுவா தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் கொட்டியது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம். வேலை கிடைத்தால், மாடு கன்று போட்டால், காய்ச்சல் இறங்கினால் நன்றியாக ஸ்தோத்திரக் காணிக்கை கொண்டுவருவார்கள். யார், எதற்காக என்று உபதேசியார் ஆராதனையில் உரக்கச் சொல்லி ஜெபிப்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் எங்கள் முட்டைக் கோழியைப் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் உபதேசியாரைப் பார்த்து, “அந்த மேஸ்திரி வேலைக்காக ஸ்தோத்திரக் காணிக்கைங்க ஐயா” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. கோழியை வாங்கிக் காலைக் கட்டி முன்னால் வைத்தார்.

பாட்டு முடிந்தது. உபதேசியார் எழுந்து, எங்கள் குடும்பத்தைச் சொல்லி, “இழந்துபோன மேஸ்திரி உத்தியோகத்தைக் கர்த்தர் திரும்பக் கொடுத்தபடியினாலே” என்று ஆரம்பித்தார். சபை மொத்தமும் இவரைத் திரும்பிப் பார்த்தது. மறுபடியும் கட்டையைப் பிடித்துவிட்டான் என்று, ஆண்கள் பாயில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் இவரைவிட்டு விலகுவதுபோல இருந்தது எனக்கு. இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஆராதனையில் பெண்கள் எழுந்து பேசுவது கிடையாது. நான் எழுந்துவிட்டேன்.

“திரும்பக் கெடைக்கல ஐயா. போனதுக்குத்தான் காணிக்க.”

கோழி ஒன்றுதான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உபதேசியார் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனுஷர், என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை.

“போனதுக்கா? போனதுக்கு நான் ஸ்தோத்திரம் பண்ணதே இல்லியேம்மா. வேணும்னா, வேற நல்ல வேல கெடைக்கணும்னு ஜெபிக்கட்டுமா?”

“அது கெடைக்கும்போது கெடைக்கட்டுங்க ஐயா. எனுக்கு எங்க வூட்டுக்காரரு கெடைச்சிட்டாரு. அதுக்கு ஜெபிங்க.”