நான்கு ஸ்டேஷன் தள்ளுபடி

எங்கள் அத்தையைப் பெர்லிஸில் கட்டிக்கொடுத்தார்கள். கலும்பாங் பக்கத்துத் தோட்டத்து லயத்து வீடுகளில் குடியிருந்த எங்களுக்குப் பெர்லிஸ் என்றால் நாட்டின் கூரை முகடு. அதற்கு மேல் சயாம்தான். லீவு தீர்ந்து மாப்பிள்ளை முன்னால் போய்விட, அடுத்த வாரம் அப்பா, அம்மா, நான், ஒரு மெத்தை, ஒரு தையல் மிஷின் எல்லோருமாகச் சேர்ந்து அத்தையைக் கொண்டுபோய் விட ரயிலேறினோம்.

அப்பாவுக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். ஸ்டேஷன் பலகைகளோ மலாய் மொழியில். மூன்றாம் வகுப்புப் படித்த நான் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவேன் என்பதால், அந்தப் பயணத்துக்குக் கணக்கெழுதும் கிராணி நானே. ஸ்டேஷன் பெயர்களை வரிசையாக நோட்டில் எழுதிவைத்திருந்தேன். நாங்கள் இறங்கவேண்டிய ஆராவ், இருபத்தாறாவது.

"தப்பா சொன்னே, சயாம் போலீஸ்காரன்கிட்ட புடிச்சிக் குடுத்திருவேன்" என்றார் அப்பா.

ஈப்போவின் சுண்ணாம்பு மலைகள் வந்தன, போயின. தைப்பிங்குக்கு முன்னால் குகைக்குள் வண்டி நுழைந்து வெளியே வந்தது. உலகமே ஜன்னலில் தலையை நீட்டிப் பார்க்கும் அழகையெல்லாம் நான் பார்க்கவில்லை. பெரிய அதிகாரியல்லவா, நோட்டில் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தேன்.

"இன்னும் எத்தனை ஸ்டேஷன்டி?" என்று அத்தை மெதுவாகக் கேட்டாள்.

"பதிமூணு, அத்தை."

அவள் முகம் சுருங்கியது. அம்மா அத்தையின் இடுப்பில் இடித்தாள். "அவசரத்தப் பாரு! மாப்பிள்ள எங்கயும் ஓடிட மாட்டாருலா."

ஓகோ, அதுதான் சங்கதியா! பாவம் அத்தை என்று இரக்கப்பட்டேன். அடுத்த முறை கேட்டபோது கணக்கில் ஒன்றைக் குறைத்துச் சொன்னேன். முகம் இன்னும் சுருங்கியது. குறைத்தது போதவில்லை போலிருக்கிறது என்று இன்னொன்றைக் குறைத்தேன். பட்டர்வொர்த் தாண்டியதும் ஒரேயடியாக இரண்டைத் தள்ளினேன். அத்தை அதற்குப் பிறகு கேட்கவேயில்லை. ஆனால் அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். அதோடு விரல் மடக்கி எண்ணவும் ஆரம்பித்துவிட்டார். தள்ளுபடி கொடுத்த எனக்கு அதைத் திரும்ப வாங்கத் தைரியமில்லை.

அப்பாவின் விரல்கள் தீர்ந்த இடம், கெடா வயல்களுக்கு நடுவே ஒரு பலகையும் ஒரு பெஞ்சுமாக நின்ற ஒரு குட்டி ஸ்டேஷன்.

"எறங்குங்க, எறங்குங்க!" என்று அப்பா கத்தினார்.

மெத்தை இறங்கியது. மிஷின் இறங்கியது. வண்டி போய்விட்டது. கொடியோடு நின்ற மலாய்க்காரர் மெத்தையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஆராவுக்கு இன்னும் நான்கு ஸ்டேஷன், அடுத்த வண்டிக்கு மூன்று மணி நேரம் என்றார்.

அப்பா என்னைத் துரத்த, நான் மெத்தையைச் சுற்றி ஓடினேன். இரண்டாவது சுற்றில் மாட்டிக்கொண்டேன். முதுகில் இரண்டு விழுந்தது.

"அங்க மாப்பிள்ள லோரியோட நிக்கிறாருடி, மானம் போவுது!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அத்தை சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெத்தைமேல் சாய்ந்து சிரித்தாள். என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, சைக்கிளில் வந்தவரிடம் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். அவளை மூன்று மணி நேரம் தாமதப்படுத்திய எனக்கு எதற்கு ஐஸ்கிரீம் என்று யோசித்தேன். உருகிவிடுமே என்று யோசனையை விட்டுவிட்டேன்.

வயல்வெளியைப் பார்த்தபடியே அத்தை கேட்டாள். "ஏன்டி, இங்கேருந்து திரும்பி நம்ம வீட்டுக்குப் போவணும்னா எத்தனை ஸ்டேஷன்?"

நோட்டைப் பிரித்து, விரல் வைத்து, இரண்டு முறை எண்ணிச் சரிபார்த்தேன். இந்த முறை தப்பக்கூடாது.

"இருபத்திரண்டு, அத்தை!" என்றேன் பெருமையாக.

தள்ளுபடி ஆரம்பித்த பிறகு ஒன்றுகூடக் குறைக்காமல் நான் சொன்ன முதல் கணக்கு அது. அத்தையின் சிரிப்பு ஏன் நின்றது என்று தெரியாமல், ஐஸ்கிரீம் குச்சியை நக்கிக்கொண்டிருந்தேன்.