கக்கூஸ் நாற்றம் வந்த வழி

கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் கட்டிய கக்கூஸ் ஆரம்பத்திலிருந்தே நாறியது. அடுப்பில் ரசம் கொதித்தால் அந்த வாசனையைத் தள்ளிவிட்டு இது முன்னால் வந்து நிற்கும். பினாயில் ஊற்றினேன், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், பாச்சை உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டேன். கொஞ்ச நேரம் பினாயிலும் நாற்றமும் சேர்ந்து வரும், அப்புறம் நாற்றம் மட்டும் வரும்.

"கக்கூஸுன்னா நாறாம மல்லிப்பூவா மணக்கும்?" என்பார் என் வீட்டுக்காரர். அவரும் என் மாமியாரும் பழையபடி வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குள் போகிற ஒரே ஆள் நான்தான்.

அந்த ஐப்பசியில் நாத்தனார் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வெள்ளிமலையில் கடை வைத்திருந்தவருக்குக் கொடுத்திருந்தோம். மலைப்பாதையின் வளைவுகளில் பஸ் குலுங்கி வந்ததைக்கூட சிரித்துக்கொண்டே சொன்னவள், கக்கூஸ் கதவைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு ஓடி வந்து வேலியோரம் வாந்தி எடுத்தாள்.

"என்னால முடியாது அண்ணி. நான் அம்மாகூட வெளியவே போய்க்கிறேன்."

மழைக்காலம். ஒருநாள் காலை கரும்புக் கொல்லை வரப்பில் அவளுக்குக் கால் வழுக்கியது. பின்னால் போன நான் எட்டிப் பிடித்ததில் இரண்டு பேரும் சேற்றில் உட்கார்ந்துவிட்டோம். அடி ஒன்றும் இல்லை. ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதவளைத் தோளில் சாய்த்து மெல்ல நடத்திக் கூட்டி வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள். "நான் மலைக்கே போயிடறேன்மா."

"அங்க திடீர்னு வலி எடுத்தா இன்னா பண்ணுவ? ஜீப்பு கெடைக்குமா?" என்று மாமியார் கத்தினார். பிறகு மகன் பக்கம் திரும்பினார். "ஏண்டா, வூட்ல கக்கூஸ கட்டி வெச்சிகினு புள்ளத்தாச்சிய வரப்புல வுடுறியே!"

அந்தச் சொல் அவரைத் தைத்துவிட்டது. அன்றைக்கே சிமெண்டு குழைத்து, கக்கூஸ் தொட்டி மூடியைச் சுற்றிலும் இடுக்கு விடாமல் பூசினார். "நாத்தம் இதுலதான் வந்திருக்கும். இனிமே எப்படி வருதுன்னு பாக்கறேன்" என்றார்.

மறுநாள் நாற்றம் இரண்டு பங்காகிவிட்டது.

அவர் சோர்ந்து போய் உட்கார்ந்தார். எனக்கு மட்டும் உள்ளுக்குள் ஏதோ துள்ளியது. வெளியே அடைத்தால் உள்ளே கூடுகிறது என்றால், அது எங்கோ ஒரு வழியாகத்தான் வருகிறது! வழி இருந்தால் கண்டுபிடிக்க முடியும். அதுவரைக்கும் கக்கூஸ் என்றால் நாறும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்றுதான் தெரியவில்லை. மூக்கை வைத்துப் பார்த்தால் எல்லா மூலையும் நாறுகிறது. நாற்றத்தை மறைப்பதற்காக நாத்தனார் ஒரு ஊதுவத்தியைக் கொளுத்திக் கொடுத்தாள். அதைக் கையில் பிடித்துக்கொண்டே குனிந்து தேடினேன். உட்காருகிற பீங்கான் பக்கத்தில் புகை நேராக மேலே போனது. கதவோரமும் அப்படியே. கழுவிவிடும் தண்ணீர் போவதற்காக மூலையில் ஒரு ஓட்டை உண்டு. அதன் கிட்டே கொண்டுபோனதும் புகை சட்டென்று சாய்ந்தது, யாரோ கீழேயிருந்து ஊதுகிற மாதிரி.

"ஐயோ, இங்க பாரேன்!" என்று கத்திவிட்டேன்.

நாத்தனார் வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். மாமியார் கையில் முறத்தோடு வந்தார். வத்தியை எடுத்தேன், வைத்தேன். ஒவ்வொரு தடவையும் புகை சாய்ந்தது. ஈரத்துணியைச் சுருட்டி ஓட்டையில் திணித்தேன். சாயவில்லை!

"கண்டுபுடிச்சிட்டாங்கம்மா அண்ணி!" நாத்தனார் கை தட்டினாள்.

வீட்டுக்காரர் கரும்புக் கொல்லையிலிருந்து வந்ததும் கால் கழுவக்கூட விடாமல் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். அவர் மண்வெட்டி எடுத்துச் சுவருக்கு வெளியே தோண்டினார். ஓட்டையிலிருந்து வந்த குழாய் நேராகக் கக்கூஸ் குழாயில் போய்ச் சேர்ந்திருந்தது.

"பீங்கானுக்கு அடியில வளைவு இருக்குது, அதுல தண்ணி நிக்குது. அதான் அங்க நாத்தம் வர்ல. இதுல வளைவே இல்லீங்க" என்றேன்.

அவர் தலையாட்டினார். "அதுக்கின்னு இவ்ளோ வேகமாவா வரும்? காத்து மேல போறதுக்குத்தான் ஒசரமா ஒரு குழா வெச்சிருக்குதே?"

எல்லோரும் நிமிர்ந்து அந்தக் குழாயைப் பார்த்தோம். தொட்டியிலிருந்து சுவரோரமாகக் கூரைக்கு மேல் ஏறி நின்றது. கட்டின நாளிலிருந்து யாரும் அதன் வாயைப் பார்த்ததில்லை.

ஏணியைச் சாத்தி அவர் ஏறினார். நான் கீழே பிடித்துக்கொண்டேன்.

"இன்னாங்க இருக்குது?"

குழாய் வாயில் எதையோ திருகிக்கொண்டிருந்தார். பட்டென்று பிடுங்கினார். உள்ளே அடைபட்டிருந்த காற்று அவர் முகத்தில் அடித்திருக்க வேண்டும்; "த்தூ!" என்று தலையைத் திருப்பியதில் ஏணி ஆடியது. நான் அலறிவிட்டேன்.

"கொட்டாங்குச்சிடி!" என்று மேலேயிருந்து கத்தினார். "பூசும்போது சிமெண்டு வுழக்கூடாதுன்னு கவுத்து வெச்சி, எடுக்காமயே போயிருக்கானுங்க கொத்தனாருங்க. சுத்தியும் குளவி மண்ணு வெச்சி அடைச்சிருக்குது!"

அதைத் தூக்கி வீசினார். தோட்டத்தில் உருண்டு வந்து விழுந்தது. எங்களை அத்தனை நாள் படுத்தியது ஒரு கொட்டாங்குச்சி! நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் வேலியில் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே கள்ளக்குறிச்சி போய், தண்ணீர் நிற்கிற வளைவு ஒன்று வாங்கி வந்து, அந்த மூலைக் குழாயில் அவரே பொருத்தினார். குழாய் வாயில் பூச்சி போகாமல் வலை கட்டினார். சிமெண்டு காய்கிற வரை யாரையும் உள்ளே விடவில்லை. பிறகு நான் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, ஊதுவத்தி கொளுத்தி மூலையில் பிடித்தேன். புகை ஆடாமல் அசையாமல் மேலே போனது.

நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே நாங்கள் மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"இன்னாடி, வருதா?" மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஒண்ணுமே வர்லம்மா! செத்த நேரம் கம்முனு இரேன்!"

அன்று சாயங்காலம் மாமியாரும் முதல் தடவையாக அதற்குள் போனார். வெளியே வந்தவர், பொழுது சாய்வதற்குள் எதிர்வீட்டு அம்மாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து உள்ளே அனுப்பி, "நல்லா மோந்து பாரு, சும்மா சொல்லாத" என்று கதவுக்கு வெளியே காவல் நின்றார். அதன் பிறகு தெருவில் யார் வீட்டில் கக்கூஸ் நாறினாலும் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஊதுவத்தியோடு போவேன், ஏணியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்காரர் பின்னால் வருவார்.

நாத்தனாருக்கு வலி கண்டது ஒரு பட்டப்பகலில். கார் பிடித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. துணியில் சுற்றி முதலில் என் கையில்தான் கொடுத்தார்கள்.