லயத்துக்கு வந்த அம்மா

காலை எட்டு மணி, ஊசிக்கு வரவேண்டிய பன்னிரண்டு பிள்ளைகளில் பதினோரு பேர் வந்தாயிற்று, வராதவன் கவின். இலங்கை மலைநாட்டில், லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் தாதி, ஊர்வாயில் மிஸ்ஸி. சின்னமுத்து என்ற தட்டம்மை, கூகைக்கட்டு என்ற பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் ஒரே ஊசி, அரை நிமிட வேலை. பிள்ளையை வரவழைப்பதற்குத்தான் சம்பளம் என்பது, என்னைப் போல் கதவு தட்டிப் பிழைக்கும் சுகாதார ஊழியர்களான உங்களுக்கும் தெரியும்.

எந்த அம்மா?

கவினின் தாய் செல்வராணி வீட்டுக்கு அம்மா வந்திருக்காம், அதனால் வரமாட்டாளாம். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா சேதி கொண்டுவந்தார். நான் கொழும்பில் வளர்ந்தவள். வந்தவங்களுக்குச் சோறு போட்டுவிட்டு மத்தியானம் வரட்டும் என்றேன். மேரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"மிஸ்ஸி, இது சோறு திங்க வந்த அம்மா இல்லைங்க. முத்துப் போட்டுக்கிட்டு வந்த அம்மா."

பஸ் ஏறிய வேப்பிலை

சின்னமுத்து என்று எனக்கு உறைப்பதற்குள் வரிசை கலைந்தது. கவின் இருக்கும் அதே லயத்து, அந்த ஒற்றை வரிசைவீட்டுப் பிள்ளைகள் நால்வரைத் தாய்மார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா இருக்கும்போது ஊசி குத்தினால் கோபிப்பாளாம். பின்னாலேயே ஓடினேன்.

கவினுக்கு உடம்பு கொதித்தது, மூச்சு இழுத்தது. பெற்றோர் ஊர் ஊராக வேலைக்கு அலைந்ததில் ஒன்பதாம் மாதத்திலும் மூன்று வயதிலும் போடவேண்டிய இரண்டு ஊசியும் அவனுக்குத் தவறியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போகத் த்ரீவீல் ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினேன். அடுத்த கதவில் பவானியின் ஐந்து மாதக் கைக்குழந்தை. ஒன்பது மாதம் ஆகாமல் அதற்கு ஊசி கிடையாது. சுற்றியிருக்கும் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொள்வதுதான் அதற்கு வேலி.

நால்வரில் ஒருவனின் தகப்பன் முருகேசு மறித்து நின்றார். வாசலில் வேப்பிலை. இந்தக் குளிரில் வேம்பு ஏது? அவரே மாத்தளைக்குப் போய்க் கொண்டுவந்ததாம். இலைக்காகப் பஸ் ஏறலாம், ஊசிக்கு நடக்கக் கூடாதா என்று கேட்டேன். பதில் அவர் மனைவியிடமிருந்து வந்தது.

"இவரு மாத்தளைக்கும் போவாரு, கதிர்காமத்துக்கும் போவாரு மிஸ்ஸி. ஆஸ்பத்திரின்னாத்தான் காலு வலிக்கும்."

வாசலில் ஒரு வார்த்தை

லயமே சிரித்தது, ஆனால் ஒருவரும் அசையவில்லை. அப்போது த்ரீவீல் வந்தது. கவினைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறப்போன செல்வராணி, பவானியின் குழந்தையைப் பார்த்துவிட்டு நின்று, மற்றத் தாய்மார் பக்கம் திரும்பினாள்.

"அம்மா எங்க வீட்டுக்கு வந்தது போதும்க்கா. அந்தப் பச்சப்புள்ள வரைக்கும் நான் அவள கூட்டிக்கிட்டுப் போனேன்னு பேர் வேணாம். உங்க புள்ளைங்கள தூக்கிட்டுப் போயி ஊசி போட்டுக்கங்க."

மகனைத் தூக்கிக்கொண்டு முருகேசுதான் முதலில் நடந்தார். மத்தியானத்துக்குள் நால்வருக்கும் போட்டு முடித்தேன்.

கவின் நிமோனியாவோடு மல்லுக்கட்டி வீடு திரும்பினான். தைப்பூசத்துக்கு மறுநாள், நோய் அண்டாமல் ஒன்பது மாதம் முடித்த பவானியின் மகளுக்கு ஊசி போட்டேன். நன்றியாக என் மூக்குக்கண்ணாடியை உதைத்துத் தள்ளினாள்.