சைக்கிள் பாட்டை அழித்த கதை

நான் நெறியாள்கை செய்த முதலாவது பாட்டுப் படம் ஒரு சைக்கிளைப் பற்றியது. அப்போது எனக்குப் பதினொரு வயது. சண்டை நின்று, பாதை திறந்து, வெளிநாட்டில் இருந்த சனமெல்லாம் ஊர் பார்க்க வந்துகொண்டிருந்த காலம். அம்மாவின் தங்கையான சின்னம்மாவும் பதின்மூன்று வருசத்துக்குப் பிறகு சுவிஸிலிருந்து வன்னியில் எங்கள் ஊரான முள்ளியவளைக்கு வந்திருந்தார். வரும்போது கையடக்கமான வீடியோ கமெரா ஒன்றையும் கொண்டுவந்தார். முதல் வாரத்திலேயே கோயில், குளம், வயல், சொந்தக்காரர் வீடுகள் என்று எடுத்துத் தள்ளியதில் ஒரே ஒரு கசெற்தான் மிஞ்சியது. அதை எங்களுக்கென்று தந்தார்.

அக்காவுக்கு அப்பா வாங்கிக் கொடுத்த புதுச் சைக்கிள்தான் எங்கள் வீட்டில் அப்போது பெரிய செய்தி. அதைப் பற்றி அக்கா ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். “மணியடிச்சு வருகுது பார் எங்கட சைக்கிள், மழையில நனைஞ்சாலும் மினுங்கிற சைக்கிள்” என்று தொடங்கும். துள்ளலான மெட்டு. ஆனால் கமெராவுக்கு முன்னால் நிற்க அவளுக்கு வெட்கம். ஆகவே அவள் பாடியதை ரேப் றெக்கோடரில் பதிந்து, அதை ஓடவிட்டு, மாமி மகனான ஒன்பது வயது மச்சானை வாயசைக்க வைப்பது என்று முடிவானது. மற்றதெல்லாம் என் பொறுப்பு.

பாட்டுப் படம் எப்படி எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. வாசிகசாலையில் இயக்கம் ரீவி போடும் நாட்களில் முன்வரிசையில் இருந்து மாவீரர் பாட்டுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். சைக்கிளை வேப்ப மரத்தடியில் நிறுத்தி, அதன் முன்னால் ஒரு விளக்கை ஏற்றி வைத்தேன். அயல் வீட்டுப் பிள்ளைகள் ஐந்து பேரை வரிசையாக, மெதுவாக நடந்துவரச் செய்தேன். ஒவ்வொருவரும் ஒரு செவ்வரத்தம்பூவைச் சைக்கிள் சீற்றில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்து சற்று நேரம் நின்று, பிறகு வானத்தைப் பார்க்க வேண்டும். மச்சான் இடையில் சிரித்துவிட்டான். அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, திரும்பவும் முதலில் இருந்து எடுப்பித்தேன். சின்னம்மா எல்லாவற்றையும் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படம் காட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மாமா தன் ஜெனரேற்றரையும் ரீவியையும் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். அந்த உரிமையில் முதல் விமர்சனமும் அவருடையதாக இருந்தது.

“பாடுறது பொம்பிளைப் பிள்ளை, வாயசைக்கிறது பெடியன். அதுவும் வாய் ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுது.”

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா உள்ளே ஓடிவிட்டாள். எனக்கு முகம் எரிந்தது. ஆனாலும் அது மச்சானின் பிழை, என்னுடையது அல்ல என்று பொறுத்துக்கொண்டேன். பிறகுதான் சின்னம்மா கேட்டார்.

“ஏன் பிள்ளை, இது புதுச் சைக்கிள் வாங்கின சந்தோசப் பாட்டுத்தானே? பிறகேன் எல்லாரும் செத்தவீட்டில நிக்கிற மாதிரி நிக்கிறியள்?”

இதை என்னால் மச்சானின் தலையில் கட்ட முடியவில்லை. எழுந்து நின்றேன்.

“பாட்டுப் படம் எண்டா அப்பிடித்தான் எடுக்கிறது. நீங்கள் சுவிஸில இருக்கிறியள், உங்களுக்குத் தெரியாது.”

பெரியவர்களோடு அப்படிக் கதைத்ததற்கு அடி விழும் என்று எதிர்பார்த்தேன். மாமா ஜெனரேற்றரைப் பார்க்கப் போனார். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வென்றுவிட்டேன் என்று எண்ணிக்கொண்டேன்.

கடைசியில் அம்மாதான் சின்னம்மாவின் பக்கம் திரும்பினார்.

“அதை அழிச்சுப்போட்டு வேற எடு” என்று சின்னம்மாவிடம் சொன்னார். “பிள்ளையள் இப்பிடி நிக்கிறதை என்னால பாத்துக்கொண்டிருக்கேலாது.”

வேறு கசெற் இல்லை. எடுப்பதென்றால் என் படத்துக்கு மேலேதான் எடுக்க வேண்டும். அன்று பின்னேரமே அதைக் கமெராவிலிருந்து கழற்றி நெல்மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அம்மா தேடி எடுத்துவிட்டார். அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. நான் அழுது முடியும்வரை பக்கத்தில் இருந்துவிட்டு, கசெற்றைச் சின்னம்மாவிடம் கொடுத்தார்.

அடுத்த நாள் சின்னம்மா எங்களை வீட்டுக்கு முன்னால் உள்ள ஒழுங்கைக்குக் கூட்டிப்போய், விருப்பம்போலச் சைக்கிள் ஓடச் சொல்லிவிட்டு எடுத்தார். நான் மறுத்து வேலியோரம் நின்றேன். மச்சான் முன்னுக்கு ஒருத்தனையும் பின்னுக்கு இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தான். மாட்டுச் சாணத்தில் சில்லுச் சறுக்கி, நாலு பேருமாக வெள்ளம் நின்ற பள்ளத்துக்குள் விழுந்தார்கள். அக்கா சைக்கிளைத் தூக்க ஓடினாள், பிள்ளைகளை அல்ல. நான் கோபத்தை மறந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். கமெரா என் பக்கம் திரும்பியதை நான் கவனிக்கவில்லை.

அந்தப் படத்தில் பாட்டும் இல்லை, வரிசையும் இல்லை. போதாக்குறைக்கு, சின்னம்மாவும் சிரித்ததில் கமெரா வேறு ஆடியது. அதைப் படமென்றே சொல்ல முடியாது. ஆனால் அம்மா அதைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நான் பல் தெரியச் சிரிக்கிற இடம் வந்ததும், “நிப்பாட்டு, அதில நிப்பாட்டு” என்றார். கதிரையை விட்டு எழும்பி, ரீவிக்குக் கிட்டப் போய் நிலத்தில் குந்தியிருந்து, திரையில் அசையாமல் நின்ற என் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்குப் படம் பார்க்கத் தெரியாது என்று அன்று நான் முடிவு செய்துகொண்டேன்.