ஜன்னலோர மேசையின் இரண்டாம் தட்டு

உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டே காலம் தள்ளிய பெருமாளின் மகன் செங்கேணி, மதராஸில் கழுத்துக்குக் கறுப்பு டை கட்டிக்கொண்டு இத்தாலிச் சாப்பாடு பரிமாறுகிறான் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? ஒருத்தரும் நம்பவில்லை. "ஏதோ இட்லிக் கடையில எச்ச எல எடுத்துகினு கீறான், அத்தப் போயி பெர்சா சொல்லிக்கினு திரியறான்" என்று பேசிக்கொண்டார்கள். பேசுகிற வாய் பேசட்டும். அவனுக்கு அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எட்டாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவன். பஸ் ஏறிப் போய், ஒரு பெரிய ஓட்டலின் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தான். தேய்த்த கை பிறகு கண்ணாடி டம்ளர் துடைத்தது, மேசைத் துணி விரித்தது. எண்பத்திரண்டாம் வருஷம் அதே ஓட்டலின் முதல் மாடியில் இத்தாலிச் சாப்பாட்டுக்கென்று தனி இடம் திறந்தபோது அவனை ஸ்டூவர்டு ஆக்கினார்கள். பட்டப்பகலிலும் திரையை இழுத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றிவைக்கிற இடம் அது. பணத்தைக் கொட்டிக் கொடுத்து இருட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிற ஜனங்களைப் பார்த்து ஆரம்பத்தில் அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. மில் முதலாளிகள் ஸ்பகெட்டியை முள்கரண்டியில் சுற்றத் தெரியாமல் படுகிற பாடு இருக்கிறதே, அடேயப்பா! சட்டையெல்லாம் தக்காளிச் சாறு. ஸ்டூவர்டுகளுக்கு மேலாளான கேப்டன் கோபால் மட்டும் முகத்தில் ஒரு சுருக்கமும் காட்டாமல் "வெரி குட் சார்" என்று சொல்லிவிட்டு நகர்வார்.

சிரிக்க முடியாத மேசை ஒன்றே ஒன்றுதான். ஜன்னலோர மேசை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த மேசைக்குக் கார்லா அம்மாள் வருவாள். இத்தாலிக்காரி, எழுபதைத் தாண்டியவள். அவள் புருஷன் பியெத்ரோ எண்ணூர்ப் பக்கம் எஞ்சினியராக வந்து, இங்கேயே செத்து, இங்கேயே மண்ணுக்குள் போனவர். பிள்ளைகுட்டி கிடையாது. சமையற்காரியிடமும் காய்கறிக்காரியிடமும் கற்றுக்கொண்ட மெட்ராஸ் தமிழில் வெளுத்து வாங்குவாள். வந்து உட்கார்ந்ததும் இரண்டு சூப், இரண்டு ஸ்பகெட்டி, இரண்டு காபி. ஒன்று அவளுக்கு, இன்னொன்று எதிரே இருக்கிற காலி நாற்காலிக்கு. அந்தத் தட்டில் மிளகுத்தூள் தூக்கலாக இருக்க வேண்டும். தட்டை வைத்ததும் நாற்காலியைப் பார்த்து, "மாஞ்ஜா, பியெத்ரோ" என்பாள். சாப்பிடு என்று அர்த்தமாம்.

கிழவிக்கு மரை கழன்றுவிட்டது என்று மற்ற ஸ்டூவர்டுகள் சமையலறைக்குள் போய்ச் சிரிப்பார்கள். செங்கேணி சிரித்ததில்லை. இதில் சிரிக்க என்ன கிடக்கிறது? படையல்தானே இது! வாழையிலைக்குப் பதிலாகப் பீங்கான் தட்டு, அவ்வளவுதான். அவன் வீட்டிலும் செத்தவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி இலையில் போட்டுவிட்டு, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்துவார்கள். அவர்கள் சாப்பிடுவதை நாம் பார்க்கக் கூடாது. இங்கே சாத்துவதற்குக் கதவு இல்லை. அதனால் அவன் தட்டை வைத்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்பான்.

பார்க்காமல் இருக்கலாம், கேட்காமல் இருக்க முடியுமா? பீங்கானில் கரண்டி படுகிற சத்தம் மெல்லக் கேட்கும். அந்த அம்மாள் சாப்பிடுகிற சத்தம்தான் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொள்வான். ஆனால் அவள் கூப்பிட்டுத் திரும்பும்போது அவளுடைய இரண்டு கையும் மடியில் கிடக்கும். எதிர்த் தட்டில் ஸ்பகெட்டி கலைந்திருக்கும், காபி இறங்கியிருக்கும். அவன் வலப்பக்கம் வைத்த கரண்டி இடப்பக்கம் இருக்கும்.

"அவருக்குப் பீச்சாங்கைதான்பா பயக்கம்" என்று ஒருநாள் அவளே சொன்னாள். அன்றைக்கு ஏசி குளிரிலும் செங்கேணிக்கு முதுகு வேர்த்தது.

எண்பத்துநாலு, ஆடி மாதம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வாங்க உட்கார்ந்து, வெகுநேரம் அவன் முகத்தையே பார்த்தாள்.

"செங்கேணி, நீ மட்டும்தான் இவருக்கு முதுவு காட்டிக்கினு நிக்கறே. இன்னாத்துக்குப்பா?"

"எங்க ஊர்ல அப்பிடித்தாம்மா. போட்டுட்டுத் திரும்பிக்குவோம். அவங்க துன்றத நாம பாக்கக் கூடாது."

"அப்பறம் அந்தச் சாப்பாடு?"

"வூட்டு ஆளுங்க சாப்புடுவோம். வெளி ஆளுக்குத் தர மாட்டோம்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். சாப்பிடவே இல்லை. எழுந்து போகும்போது எதிர்த் தட்டைத் தானே தூக்கி அவன் கையில் வைத்தாள். "இத்தக் கீய கொட்டிடாதே. நீ சாப்புடு. இனிமே என்னால வர முடியுமோ, இன்னாவோ. இவரு பசி தாங்க மாட்டாரு."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்ததுதானே, யார் படையலை யார் சாப்பிடுவது என்று? ஆனால் கையில் கொடுத்த படையலைத் திருப்பித் தருவதும் வழக்கமில்லை. அவள் கண்ணில் தண்ணீர் வேறு நின்றது. செங்கேணி தட்டோடு பின்கட்டுக்குப் போய், நின்றபடியே சாப்பிட்டான். ஆவி பறக்கக் கொண்டுபோய் வைத்த ஸ்பகெட்டி, வாயில் வைத்தால் பனிக்கட்டியாகச் சில்லிட்டது. மிளகு மட்டும் தொண்டையைச் சுட்டது.

மறுநாள் ஊரில் அவன் நைனா பெருமாளுக்குத் தெவசம். லீவு சொல்லிவிட்டு அன்று சாயங்காலமே பஸ் ஏறினான். செங்கல்பட்டில் வண்டி மாறி உட்கார்ந்ததும் கண்டக்டர் வந்து, கேட்காமலே இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்தார்.

"ஒண்ணு போதுங்க. நான் ஒருத்தன்தான்."

கண்டக்டர் அவன் பக்கத்தில் இருந்த காலி இடத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஒரு டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு முன்னால் போனவர், ஊர் வந்து சேரும்வரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நிற்க இடமில்லாத வண்டியில் அந்தக் காலி இடத்தில் ஒருத்தரும் உட்காரவும் இல்லை.

வீட்டுக்கு வந்தால், பொண்டாட்டி மலர்க்கொடி சோற்றைப் போட்டு இரண்டு தட்டு கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அவளே முழித்தாள். "இன்னாமோ கூட ஒருத்தர் வந்தாப்பல இருந்திச்சி" என்று முணுமுணுத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் போனாள்.

காலையில் அம்மா எல்லம்மாள் குளித்துவிட்டுத் தானே அடுப்பு மூட்டினாள். புருஷனுக்குப் பிடித்த கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, வடை, ஒரு கட்டு பீடி. எல்லாம் இலைக்கு வந்தது. கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, திறந்து, காக்காய்க்கு ஒரு பங்கு எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார்கள். துணி துவைக்கிற கல்லின்மேல் இலையை வைத்துவிட்டு செங்கேணி கா, கா என்று கூப்பிட்டான்.

காக்காய் தொட்டால்தான் எல்லம்மாள் பச்சைத் தண்ணீரே குடிப்பாள். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் கூப்பிட வாய் திறப்பதற்குள் வந்து கொத்திவிட்டுப் போனது. மனுஷன் உயிரோடு இருந்தபோதும் களி என்றால் அப்படித்தான், அடுப்பிலிருந்து இறக்க விடமாட்டார். இன்றைக்குக் காக்காய்களுக்குப் பஞ்சமில்லை. வேப்பமரக் கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் கத்தவில்லை. ஒன்றுகூட இலையைப் பார்க்கவில்லை. அத்தனையும் செங்கேணிக்குப் பின்னால், பின்வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் திரும்பிப் பார்த்தான். வெறும் படிதான்.

வெயில் உச்சிக்கு வந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. எல்லம்மாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. மலர்க்கொடி மோர் கொண்டுவந்து நீட்டினாள். கிழவி அதைத் தட்டிவிட்டாள்.

"ஒங்க நைனாக்கு நான் இன்னாடா கொற வெச்சேன்? இத்தினி வருசம் குடுத்தனம் பண்ணவரு, இன்னிக்கி என் கையால வேணாம்னு மூஞ்சத் திருப்பிக்கினாரே! நான் இனிமே யாருக்குடா ஆக்கிப் போடுவேன்?"

அம்மா அழுது அவன் பார்த்ததில்லை. நைனா செத்த அன்றைக்கும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள். இப்போது கல்லின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளைபோல் அழுதாள்.

அழுதுகொண்டிருந்தவள் சட்டென்று மூக்கை உறிஞ்சினாள். "மொளகு வாட எங்கேர்ந்துடா வருது? நான் கொயம்புல மொளகே போடலியே."

வாடை வாசற்படியிலிருந்துதான் வந்தது. அதற்குமேல் செங்கேணியால் மறைக்க முடியவில்லை. ஜன்னலோர மேசை, காலி நாற்காலி, நேற்று கையில் வாங்கிச் சாப்பிட்டது, பஸ்ஸில் இரண்டு டிக்கெட், எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மலர்க்கொடி மாராப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிலிருந்து தள்ளி நின்றாள்.

எல்லம்மாள் திட்டவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அட கூறு கெட்டவனே! அந்தாளு படையல நீ துன்னுட்டே. அப்போ அந்தாளுக்கு நீதான் சொந்தம். ஒன் பின்னாலயே வந்து பசியோட வாசல்ல குந்திக்கினு கீறாரு. வூடு தேடி வந்தவன் பசியோட குந்திக்கினு இருக்கறப்போ ஒங்க நைனா எந்தக் காலத்துலடா கைய நனைச்சாரு?"

உண்மைதான். அரைவயிற்றுக் கஞ்சியிலும் வந்தவனுக்குப் பாதி ஊற்றிவிட்டுத்தான் பெருமாள் சட்டியில் கைவைப்பார். இதற்காக எத்தனை நாள் எல்லம்மாள் அவரோடு மல்லுக்கு நின்றிருக்கிறாள்!

மலர்க்கொடி கடைத்தெருவுக்கு ஓடிப் போய் ஒரு பாக்கெட் சேமியா வாங்கிவந்தாள். செங்கேணி அதை வேகவைத்து வடித்து, தக்காளியை நசுக்கி வதக்கி ஊற்றி, அம்மியில் மிளகை நுணுக்கி மேலே தூவினான். பாலாடைக்கட்டிக்கு உத்திரமேரூரில் எங்கே போவது? நல்லெண்ணெய் விட்டான். அலுமினியத் தட்டில் போட்டு, வலப்பக்கம் ஒரு கரண்டி வைத்து, நைனாவின் இலைக்குப் பக்கத்தில் அதே கல்லில் வைத்தான்.

கா, கா என்று கூப்பிட்டான். கிளையில் ஒன்றும் அசையவில்லை.

"அந்த அம்மா எப்பிடிடா கூப்புடுவாங்க? அப்பிடிக் கூப்புடு" என்றாள் எல்லம்மாள்.

செங்கேணிக்கு வெட்கமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வாசற்படியைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு, வேலை நேரத்தில் நிற்பதுபோல் நின்றான். "மாஞ்ஜா, பியெத்ரோ" என்றான்.

அவன் தோளை உரசிக்கொண்டு சில்லென்று ஏதோ கடந்து போனது. ஆடி மாதத்து உச்சி வெயிலில் கைமயிர் சிலிர்த்து நின்றது. மூன்று பேரும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மலர்க்கொடி மாமியாரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் அலுமினியத்தில் கரண்டி படுகிற சத்தம் கேட்டது. அது நின்று, கொஞ்ச நேரம் கழித்து இறக்கை அடிக்கிற சத்தம்.

எல்லம்மாள்தான் கதவைத் திறந்தாள். நைனாவின் இலையில் ஒரு காக்காய் களியை அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. கிழவி அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "துன்னு, நல்லா துன்னு" என்றவளுக்கு மறுபடியும் அழுகை வந்தது. பிறகுதான் பக்கத்துத் தட்டைப் பார்த்தாள்.

"ஒருத்தருன்னுதானடா சொன்னே? இங்க ரெண்டு பேரு கீறாங்களே!"

அலுமினியத் தட்டில் இரண்டு காக்காய்கள் எதிரெதிராக நின்று சேமியாவைக் கொத்திக்கொண்டிருந்தன. வலப்பக்கம் வைத்த கரண்டி இடப்பக்கம் கிடந்தது. செங்கேணி அந்த இரண்டாவது காக்காயைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மதியம் ஜன்னலோர மேசை விரிப்பில்லாமல் கிடந்தது. கேப்டன் கோபால் அவனை ஓரமாகக் கூப்பிட்டார்.

"விசயம் தெரியுமாய்யா? நம்ம கார்லா அம்மா போயிட்டாங்க. திங்கக்கெயம மத்தியானம், குந்தினவாக்குலயே. பாவம், சொந்தம்னு சொல்லிக்க ஒரு நாதி இல்லியாம். இந்த மேசைய வேற யாருக்காவது குடுத்துடு."

"சொந்தம் கீது, கேப்டன்."

"யாருய்யா அது?"

செங்கேணி துவைத்த துணியை எடுத்து உதறி மேசையில் விரித்தான். ஓரங்களை இழுத்துச் சரிசெய்து, இரண்டு தட்டு வைத்தான்.

"நான்தான்" என்றான்.