அடுப்படிக் கல்லைக் கொத்தியவள்

பிரமிளா புது அடுப்படியைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், வீட்டில் யாருக்காவது வேறு வேலை வந்துவிடும். புருஷன் முரளிதரனுக்குத் தறியில் நூல் அறுந்துவிடும். மேஸ்திரி பாலையாவுக்கு போன் வந்துவிடும். திருப்பதியில் வேலை பார்க்கும் மகள் உதயா மட்டும் பாதியாவது கேட்பாள். கேட்டுவிட்டு ஒரு வீடியோ அனுப்புவாள்.

பிரமிளா கேட்டது அரண்மனை இல்லை. கண் தெரியாத கிழட்டு நாய் ஒன்று விழாமல் நடக்கிற மாதிரி ஓர் அடுப்படி கேட்டாள்.

நாயின் பெயர் நாடா. தறியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடுகிற நாடா மாதிரி, குட்டியாக இருந்தபோது தறிகளுக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்ததால் வந்த பெயர். புத்தூர் பஸ் ஸ்டாண்டில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்ததைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டுவந்தவள் உதயாதான். கொண்டுவந்ததோடு சரி. சோறு வைத்தது, உண்ணி பிடுங்கியது, ஊசி போட இழுத்துக்கொண்டு போனது எல்லாம் பிரமிளா. கார்வேட்டிநகரத்தில் பிறந்து நகரிக்கு வாக்கப்பட்டு வந்த நாளாகத் தறிக்கு நூல் சுற்றிக் கொடுத்தே ஒரு பக்கத் தோள் இறங்கிப்போனவள் அவள். அந்த வீட்டில் அவள் எழுந்தால் எழுந்து, அவள் உட்கார்ந்தால் உட்கார்ந்த ஒரே ஜீவன் அந்த நாய்தான். புருஷன்கூட அப்படிச் செய்ததில்லை.

வீடோ ரயில்பெட்டி மாதிரி. தெருப்பக்கம் தறிக்கொட்டகை, நடுவில் ஓர் அறை, கடைசியில் அடுப்படி, அதற்கும் பின்னால் முருங்கை மரம் நிற்கிற கொல்லை. தெருவில் விட்டால் லாரி அடித்துவிடும். கொல்லைக்குப் போக வேண்டுமென்றால் அடுப்படியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால் பழைய அடுப்படியின் சொரசொரத்த சிமெண்டுத் தரையில், அடுப்புக்குத் தள்ளி இருந்த மூலையில்தான் நாடா படுத்துக் கிடக்கும்.

அந்த அடுப்படியை இடித்துப் புதிதாகக் கட்டுகிறோம் என்றதும் பிரமிளா சொல்ல வேண்டியதை முதலிலேயே சொன்னாள். பினாயில், ஆசிட் பாட்டிலெல்லாம் சிங்குக்கு அடியில் வேண்டாம், மேலே பரண் வேண்டும். பாத்திரம் கழுவுகிற இடத்தில் கரை உயரமாகக் கட்டாதே, நாய் தடுக்கி விழும். கொதிக்கிற எண்ணெய்க்குப் பக்கத்தில் வராமல் மறிக்க முழங்கால் உயரத்துக்கு ஒரு குட்டிக் கதவு போடு. எல்லாவற்றையும்விட முக்கியம், தரை வழுக்கக் கூடாது. பாலையா எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். அவன் தலையாட்டுவதற்கும் செய்வதற்கும் சம்பந்தம் இருந்ததில்லை. பரண் இருக்க வேண்டிய இடத்தில் சாமிப்படம் வைக்க மாடப்பிறை வந்தது. கரை ஒரு முழம் எழும்பி நின்றது. குட்டிக் கதவைப் பற்றிக் கேட்டால், அடுப்படிக்குள் என்ன மாட்டுத்தொழுவமா கட்டுகிறோம் என்று சிரித்தான்.

உதயா அனுப்பிய வீடியோவில் எந்த ஊரோ, வெள்ளை வெளேரென்று ஓர் அடுப்படி. நாய்க்குத் தண்ணீர் வைக்கவே ஒரு டிராயர், அதை இழுத்தால் கிண்ணம் வருகிறது. இந்த மாதிரி செய்யச் சொல்லும்மா என்றாள் மகள்.

"அந்த நாயிக்கு பல்லு வெளக்க எங்க எடம் வெச்சிருக்காங்கன்னு கேளு," என்று பிரமிளா போனை வைத்துவிட்டாள்.

கருங்கல் அறுக்கிற குப்பம் ஊரிலிருந்து முரளிதரனின் பங்காளி ஒருவன் மூலமாகக் கருங்கல் பலகைகள் வந்து இறங்கின. ஒரு முகம் கண்ணாடி மாதிரி பாலிஷ். குனிந்தால் மூக்கிலிருக்கிற மூக்குத்தி தெரியும். மறுமுகம் அறுத்தபடியே சொரசொரவென்று இருந்தது. பிரமிளா இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, சொரசொரப்பை மேலே போட்டுப் பதி என்றாள். வேலை தொடங்குகிற அன்று முதல் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது வீட்டுக்காரியின் வேலை. அவள் பாலையாவின் கண்ணெதிரே சொரசொரப்பு முகத்தில்தான் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு, நேர்ந்துகொண்டிருந்த முடியைக் கொடுக்கத் திருப்பதி போனவள், மகளோடு சில நாள் தங்கிவிட்டு மொட்டைத் தலையோடு திரும்பி வந்தாள்.

அடுப்படி மினுமினுவென்று மின்னியது. அவள் பொட்டு வைத்த முகம் சிமெண்டுக்குள் கவிழ்ந்து கிடந்தது.

பாலையாவுக்குத் தப்புச் செய்துவிட்டோம் என்ற நினைப்பே இல்லை. பாவம், படிக்காத பொம்பளை, கல்லுக்கு எது முகம் எது முதுகு என்று தெரியாமல் பொட்டு வைத்துவிட்டாள், நாம் திருத்தி உபகாரம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

"அடுப்படி அந்தமே, அழகே போயிடும்மா. முதுக மேல போட்டா, நாளைக்கு பார்க்கறவங்க பாலையாவுக்கு கல்லு மொகமே தெரியலன்னு நவ்வ மாட்டாங்களா, சிரிக்க மாட்டாங்களா?"

"உன் மொகத்தப் பார்த்தாலே நவ்வுறாங்க, அதுக்கு இன்னா பண்ணப்போற?"

அவன் கோபித்துக்கொண்டு சிமெண்டுக் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விட்டான். முரளிதரன் தறிச் சத்தத்தில் காது கேட்காதவன் போல இருந்துகொண்டான்.

நாடா அந்தத் தரையில் வைத்த முதல் அடியிலேயே பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து வயிறு தரையில் அறைந்தது. எழ எழ வழுக்கியது. பிரமிளா சாக்கு விரித்தாள். சாக்கும் நாயும் சேர்ந்து வழுக்கின. உதயா திருப்பதியிலிருந்து நாய்க்குப் போடுகிற ரப்பர் காலுறை அனுப்பினாள். நாடா ஒன்றைக் கடித்துக் கழற்றியது, இன்னொன்றைத் துன்னு தொலைத்தது. ஒரு நாள் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது குறுக்கே சரிந்து வந்து பிரமிளாவின் காலில் மோத, கஞ்சி அவள் புறங்காலில் கொட்டிக் கொப்பளித்தது. அதற்கப்புறம் நாய் நடு அறையிலேயே படுத்தது. படுத்த இடத்திலேயே மூத்திரம் போனது.

புது அடுப்படிக்காக வைத்த விருந்துக்குச் சொந்தக்காரர்கள் வருகிற நேரம். முரளிதரன் ஒரு முடிவு எடுத்தான். அவன் எடுக்கிற முடிவெல்லாம் அடுத்தவர் தலையில்தான் விடியும். குடிபாலாவில் அக்காவின் நிலத்தில் நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுவது, ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வரச்சொல்லியாகிவிட்டது என்றான்.

"அங்க காத்தோட்டமா கெடக்கும், பிரமிளா."

"கண்ணு அவிஞ்சதுக்கு காத்து இன்னாத்துக்குயா? சொவுரில்லாத கெணறு இருக்குது உங்கக்கா நெலத்துல. ஒரு வாரம் தாங்காது."

"அதுக்குன்னு நாயிக்காவ கல்ல பேக்க சொல்றியா?"

பேர்க்கச் சொல்லி அவள் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துப்போயிருந்தது.

சனிக்கிழமை காலை முரளிதரன் சமையல்காரரைப் பேசச் சித்தூருக்கு பஸ் ஏறினான். அவன் தலை மறைந்ததும் பிரமிளா நாயைக் கொல்லையில் முருங்கையடியில் கட்டினாள். பரணில்லாத குறைக்குக் கட்டிலுக்கு அடியில் போட்டு வைத்திருந்த உளியையும் சுத்தியலையும் எடுத்தாள். அம்மி தேய்ந்தால் தானே கொத்திக்கொள்கிறவள் அவள். அம்மியும் கல், இதுவும் கல். சில்லு தெறித்துக் கண்ணில் பட்டால் வீட்டில் இரண்டு குருடாகிவிடும் என்று புருஷனின் ஹெல்மட்டை மொட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, நடு அறை வாசலிலிருந்து கொத்த ஆரம்பித்தாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக் கன்னிகா மதில்மேல் தலையை நீட்டினாள்.

"இன்னாக்கா, ஹெல்மட் போட்டுக்கினு சமைக்கிற?"

"கொழம்பு வெடிக்குது. நீ தள்ளி நில்லு."

அவள் நினைத்த மாதிரி இல்லை, அம்மி வேறு, இது வேறு. அம்மி கனம் தாங்கும். இது பலகை. ஓங்கி அடித்ததில் ஒரு கல் குறுக்கே விண்டது. பாலையாவை, குப்பத்துப் பங்காளியை, வீடியோ எடுத்த மகராசியை எல்லோரையும் வரிசையாக வைதுவிட்டு, அப்புறம் மெதுவாகத் தட்டினாள். புள்ளி புள்ளியாகப் பளபளப்பு செத்தது. கொப்பளித்த காலை மடக்க முடியவில்லை, நீட்டிக்கொண்டே நகர்ந்தாள். நாய் நடக்கிற அகலத்துக்கு ஒரு பாதை, கொல்லைக் கதவு வரைக்கும். அடுப்பில்லாத மூலையில் படுக்கிற அளவுக்குக் கொஞ்சம். கழுவுகிற இடத்துக் கரையையும் ஒரு பக்கம் உடைத்துவிட்டாள். ஆனது ஆகட்டும்.

சாயங்காலம் வந்த முரளிதரன் அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டான். சித்தூரில் வாங்கின பை கையிலேயே இருந்தது.

"கண்ணாடி மாதிரி இருந்துதே," என்றான். சாப்பிடாமல் போய்த் தறியை ஓட்டினான். பிரமிளாவும் அவனைத் தறியிலிருந்து எழுப்பிச் சோறு போடப் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. முரளிதரன் கயிற்றோடு கொல்லைக்கு நடந்தான். பிரமிளா முந்திக்கொண்டு போய் நாயை அவிழ்த்துவிட்டாள்.

நாடா கொல்லைக் கதவு வரைக்கும் வந்து நின்றது. உள்ளே வரமாட்டேன் என்றது. விழுந்த பயம் அதற்கு இன்னும் விடவில்லை. பிரமிளாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கூப்பிட்டால் ஓடிவந்து எங்கேயாவது பாலிஷில் கால் வைத்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தெருவில் ஆட்டோக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.

நாய் தரையை மோந்தது. ஒரு காலை வைத்தது. எடுத்தது. மறுபடி வைத்தது. நகம் கல்லில் பதிந்து கரகரவென்று கேட்டது. விண்ட கல்லின் மேல் ஏறி வந்து, பாதையை விட்டு ஒருமுறை விலகியது. கால் வழுக்கியதும் வெடுக்கென்று திரும்பிச் சொரசொரப்புக்கு வந்துவிட்டது. மூலையை அடைந்து, ஒரு சுற்றுச் சுற்றி, பெருமூச்சு விட்டுப் படுத்தது.

முரளிதரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு தெருவுக்குப் போய் ஆட்டோக்காரனிடம் என்னவோ சொன்னான். வண்டி வந்த வழியே போனது. திரும்பி வந்தவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வர்றவங்க இது இன்னான்னு கேட்டா?"

"கேக்கறவங்கள அந்த பாலிஷ் பக்கமா நடக்க வுடு," என்றாள் பிரமிளா. "விழுந்து எழுந்துக்கினா கேக்க மாட்டாங்க."